எட்டடிக்கு நாலடியில் ஒரு வீட்டு மராமத்து

வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிக்கப் லாரியின் முதுகில் ஒரு குட்டி வீடு ஏறி உட்கார்ந்துகொண்டு போவதைப் பார்க்கலாம். பின்னால் இழுத்துக்கொண்டு போகும் டிரெய்லர் இல்லை அது. தனக்கென்று எஞ்சின் உள்ள மோட்டார் வீடும் இல்லை. லாரியின் சரக்குத் தொட்டிக்குள் இறக்கி, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினால் பயணத்துக்குத் தயார். ஊர் திரும்பியதும் நாலு ஜாக்கிகளை இறக்கி அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியிலிருந்து லாரியை மட்டும் உருவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். ட்ரக் கேம்பர் என்பது பெயர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டத்தின் கண்ணுக்கு இது வண்டியே இல்லை, லாரியில் ஏற்றிய சரக்கு.

இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த வகை வீடு ஏற்கெனவே அறிமுகம். 1960 செப்டம்பரில் ஜான் ஸ்டைன்பெக், 58 வயதில், சார்லி என்ற பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவரக் கிளம்பியது ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பின் மேல் பொருத்திய கேம்பரில்தான். டான் கிஹோத்தேயின் குதிரையின் பெயரான ரோசினான்டேயை அதற்குச் சூட்டியிருந்தார். உள்ளே இரட்டைக் கட்டில், நாலு பர்னர் அடுப்பு, ஹீட்டர், குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் இருந்தன. அந்தப் பயணம் 1962-ல் புத்தகமாக வந்தது. வண்டி இன்றைக்கும் கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில் உள்ள தேசிய ஸ்டைன்பெக் மையத்தில் நிற்கிறது.

ரோசினான்டேயின் தலைமுறையைச் சேர்ந்தவையும் அதற்கு அடுத்த இருபது முப்பது வருடங்களில் வந்தவையுமான கேம்பர்கள் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் விமானமும் ஓட்டலும் கைவிட்டபோது இவற்றின் மேல் திடீரென்று எல்லோருக்கும் கண் விழுந்தது. அமெரிக்காவில் 2021-ல் மட்டும் டிரெய்லர், மோட்டார் வீடு, கேம்பர் என்று எல்லா ரகமும் சேர்த்து 6 லட்சம் பயண வீடுகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின. அதுவரை இல்லாத எண்ணிக்கை. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் பழையதைத் தேடிப் போனார்கள். வெள்ளைப் பெயின்ட், மரத்தாலான சமையல் மேடை, சன்னலோரம் ஒரு கற்றாழைத் தொட்டி என்று வேலை முடிந்த கேம்பர்களின் படங்கள் இணையத்தில் குவிந்தன. அந்தப் படங்களில் இல்லாத வேலைதான் அதிகம். அதில் பெரும்பகுதி இரண்டே விஷயங்களைச் சுற்றி வருகிறது: உள்ளே வந்த தண்ணீர், உள்ளே ஏற்றும் எடை.

குத்தூசியோடு வாங்கப் போகிறவர்கள்

பழைய கேம்பரை விலை பேசுவதற்கு முன் விவரம் தெரிந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குத்தூசியை எடுப்பார். சன்னலுக்குக் கீழ்மூலை, கூரையில் காற்றுத் துளை இருக்கும் இடம், ஓட்டுநர் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கையின் முன் நுனி, ஜாக்கி பொருத்திய நாலு மூலைகள். இங்கெல்லாம் உள் பலகையை மெல்லக் குத்திப் பார்ப்பார். ஊசி மரத்தில் தட்டி நின்றால் நல்லது. ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கினால் உள்ளே சட்டம் மக்கிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பேரம் வேறு தொகையிலிருந்து தொடங்கும்.

ஏன் இந்த இடங்கள் மட்டும்? கேம்பர் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது பதில். 1960-கள், 70-களில் பெரும்பாலான கேம்பர்களுக்கு எலும்புக்கூடு மரம்தான். இரண்டுக்கு இரண்டு என்று கடையில் சொல்லப்படும், உண்மையில் ஒன்றரை அங்குலமே கனமுள்ள ரீப்பர் கட்டைகளை ஸ்டேப்பிள் அடித்துச் சேர்த்த சட்டம். கட்டைகளுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு. உட்பக்கம் மரக்கோடு அச்சடித்த, சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட். வெளிப்பக்கம் நெளிநெளியான அலுமினியத் தகடு. தகடும் தகடும் சேரும் மூலைகளில் ஓர் அலுமினியப் பட்டை, அதற்கடியில் புட்டி, மேலே வரிசையாக ஸ்க்ரூ.

அந்தப் புட்டிதான் மழைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே காவல். வருடங்கள் போகப் போக அது காய்ந்து, சுருங்கி, வெடிக்கும். லாரி ஓடும்போது கேம்பர் முழுவதும் முறுகிக் குலுங்குவதால் வெடிப்பு இன்னும் விரியும். ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டை வழியாகவும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே பஞ்சு அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பளபளக்கிற கேம்பரின் உள்ளே மரம் மண்ணாகியிருப்பது இப்படித்தான்.

ஜாக்கி மூலைகளைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. முழு கேம்பரையும் லாரியிலிருந்து தூக்கும்போது எடை அத்தனையும் அந்த நாலு மூலை மரத்தின் மேல்தான் நிற்கிறது. அங்கே மரம் மக்கியிருந்தால் ஜாக்கி பிய்த்துக்கொண்டு வரும். தரைக்கம்பளம் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், மூலையில் மக்கிய மரத்தோடு ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

பிரிக்கிற வேலை

மராமத்து தொடங்குவது கூரையில். மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது உள்ளே புதுப் பலகை அடிப்பது பணத்தை நனைப்பதற்குச் சமம். பழைய சீலன்டைச் சுரண்டி எடுத்து, மூலைப் பட்டைகளைக் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் ஒட்டி, துருப்பிடிக்காத ஸ்க்ரூக்களால் மறுபடி இறுக்குவார்கள். ஹார்டுவேர் கடையில் முதலில் கண்ணில் படும் சிலிகான் குழாயை இந்த வேலைக்கு அனுபவசாலிகள் தொடுவதில்லை. ஒரு தடவை சிலிகான் பூசிய இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. பின்னால் வந்து திறக்கிறவருக்கு அது தலைவலி.

பிறகுதான் உட்பக்கம். மெத்தை, திரை, அலமாரிக் கதவு, அடுப்பு எல்லாம் வெளியே வருகின்றன. கழற்றுகிற ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஸ்க்ரூக்களைப் பை பையாகக் கட்டி, எது எங்கே என்று எழுதி வைக்கிறவர் பிழைத்தார். பிளைவுட்டை முழுசாகக் கழற்ற முடிந்தால் அதையே அச்சாக வைத்துப் புதுப் பலகையை வெட்டிக்கொள்ளலாம். ஐம்பது வருடத்து வினைல் தரை ஓடுகளைக் கண்டால் கொஞ்சம் நிதானம் தேவை. அந்தக் கால ஓடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. உடைத்துத் தூளாக்குவதற்கு முன் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புவது அமெரிக்காவில் வழக்கம்.

மக்கிய கட்டையை அறுத்து எடுக்கும்போது கைக்கு மட்டும் வேலை இல்லை, கணக்கும் வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாக் கட்டைகளையும் எடுத்துவிட்டால் கேம்பர் கோணிக்கொள்ளும். பிறகு கதவு மூடாது, சன்னல் உட்காராது. ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து, ஒரு கட்டையை மாற்றி, அது நின்ற பிறகு அடுத்தது. ஸ்டேப்பிள் இருந்த இடத்தில் இப்போது பசையும் ஸ்க்ரூவும் சேர்ந்து வருவதால் புதுச் சட்டம் பழையதைவிட உறுதியாகவே அமைகிறது.

சுவர் திறந்திருக்கும் இந்தச் சில நாட்களில் முடிக்க வேண்டியவை நிறைய. பழைய பஞ்சுக்குப் பதிலாகத் தண்ணீர் உறிஞ்சாத கெட்டித் தெர்மோகோல் பலகைகளை வெட்டிச் செருகுகிறார்கள். புது மின்கம்பிகள் ஓடவேண்டிய பாதை இப்போதே போடப்பட வேண்டும். தண்ணீர்க் குழாயையும் பார்த்துவிட வேண்டும். 1978 முதல் 1995 வரை வட அமெரிக்க வீடுகளிலும் பயண வண்டிகளிலும் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாய் பரவலாகப் போடப்பட்டது. குடிநீரில் கலந்த குளோரின் அதையும் அதன் இணைப்புகளையும் அரித்துக் கசியவைத்ததால் பெரிய வழக்காகிப் போனது. பழைய கேம்பரில் சாம்பல் குழாய் கண்ணில் பட்டால் எடுத்துவிட்டு பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் போடுவதுதான் இன்றைய நடைமுறை.

எடைக் கணக்கு

இனி உள்ளே கட்டுகிற வேலை. வீட்டில் அலமாரி அடிக்கிற ஆசாரிக்கு முக்கால் அங்குல பிளைவுட் சாதாரண விஷயம். எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. கால் அங்குலப் பலகை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டுச் சமையலறையில் இந்த வித்தியாசத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கேம்பரில் நாலு பலகை போட்டால் அந்த வித்தியாசமே 80 கிலோ. ஓர் ஆள் கூடுதலாக ஏறிக்கொண்ட மாதிரி.

லாரி எவ்வளவு தாங்கும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அது சொல்லும். அரை டன் லாரி, முக்கால் டன் லாரி என்ற பழைய பெயர்கள் பேச்சில் மட்டும் நிலைத்துவிட்டன. அவற்றை நம்பிக் கணக்குப் போட முடியாது. இன்றைய அரை டன் பிக்கப்கள் பல 700, 800 கிலோ வரை ஏற்றும். அந்தக் கணக்கில் கேம்பரின் வெற்று எடை மட்டுமல்ல, ஓட்டுகிறவர், நாய், சாப்பாட்டுச் சாமான், பேட்டரி, தண்ணீர் எல்லாம் அடங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 அமெரிக்க கேலன் தொட்டியை நிரப்பினால் 76 கிலோ போய்விடும்.

எவ்வளவு எடை என்பதோடு எங்கே எடை என்ற கேள்வியும் வருகிறது. கேம்பரின் எடை மையம் லாரியின் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். ஆகவே பிக்கப் தயாரிப்பாளர்கள் கேம்பர் ஏற்றுவதற்கான சரக்கு எடையையும் எடை மையம் எங்கே அமையலாம் என்பதையும் வாங்குகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் விதியே இருக்கிறது. கதவுப் பக்கம் காலியாக இருக்கிறதே என்று பேட்டரியையும் தண்ணீர்த் தொட்டியையும் பின்னால் வைத்தால் லாரியின் முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் திருப்பும்போது பிடிமானம் குறையும். உள் அலங்காரத்தை மாற்றப் போய் வண்டியின் ஓட்டத்தையே மாற்றிய கதையாகிவிடும்.

இதனால்தான் தேர்ந்தவர்கள் கட்டிய அலமாரிகளில் பலகையைவிடக் காலியிடம் அதிகம். ஒன்றுக்கு ஒன்று அங்குலக் கட்டையால் சட்டம் கட்டி, மேலே மெல்லிய பலகையை ஒட்டுவார்கள். கதவுக்குப் பதில் துணித் திரை. இழுப்பறைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா. கிரானைட் மேடை கேட்கிறவர்கள் வேறு வண்டி பார்க்க வேண்டியதுதான். 1972 முதல் கேம்பர் செய்துவரும் ஃபோர் வீல் நிறுவனம் இதே கணக்கை வேறு வழியில் போட்டது. அலுமினியத்தில் பற்றவைத்த சட்டம், மேலே தூக்கினால் நிமிரும் துணிச் சுவர். மர பாரம் இல்லை. ஆனால் துணிச் சுவரில் அலமாரி தொங்கவிட முடியாது என்பதால் அதைப் புதுப்பிக்கிறவர் சாமான் வைக்கும் இடத்தை எல்லாம் இடுப்புக்குக் கீழேயே தேட வேண்டும்.

பலகை வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த டிரெய்லர்களில் இருந்தவர்கள் கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று புகார் சொன்னார்கள். சோதித்தபோது மலிவான ஒட்டுப்பலகைகளின் பசையிலிருந்து வந்த ஃபார்மால்டிஹைடு காற்றில் அதிகமாக இருந்தது. 2010-ல் அமெரிக்காவில் ஒட்டுப்பலகைகளுக்குத் தனிச்சட்டமே வந்தது. மூடினால் நாலு பேர் மூச்சுவிட இடம் போதாத கேம்பருக்குள், அந்த விதிப்படி முத்திரையிட்ட பலகையைத் தேடி வாங்குவது அர்த்தமுள்ள செலவு.

நெருப்பும் குளிரும்

பழைய கேம்பரில் ஆச்சரியமான சாதனம் அதன் குளிர்சாதனப் பெட்டி. கேஸ் சுடரைக் கொளுத்தினால் குளிரும். 1922-ல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் இருவரும் கண்டுபிடித்த முறை இது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சூட்டின் பலத்தில் சுற்றிவந்து உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும். நகரும் பாகம் எதுவும் கிடையாது, சத்தமும் கிடையாது. எலக்ட்ரோலக்ஸ் 1925-ல் இதை வாங்கி உலகெங்கும் கொண்டுபோனது. ஒரே பிடிவாதம், கிட்டத்தட்டச் சமமான தரையில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் சுற்றுவது நின்று, பெட்டி சூடேறிக் கெட்டுவிடும்.

இன்று பலர் அதை எடுத்துவிட்டு 12 வோல்ட் கம்ப்ரஸர் பெட்டி வைக்கிறார்கள். சாய்ந்தாலும் ஓடும், கேஸ் வேண்டாம். இன்னொரு லாபம் அதிகம் பேசப்படுவதில்லை. பழைய பெட்டியின் புகையும் சூடும் போகச் சுவரிலும் கூரையிலும் ஓட்டைகள் இருந்தன. அவற்றை மூடிவிட்டால் மழை நுழைய இரண்டு வழிகள் குறைகின்றன. பதிலுக்கு மின்சாரக் கணக்கு கூடுகிறது. இங்கே புது பேட்டரிகள் கைகொடுக்கின்றன. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி கிட்டத்தட்ட 28 கிலோ, அதிலும் பாதியளவு மின்சாரத்தை மட்டும் எடுத்தால்தான் நீண்ட நாள் உழைக்கும். அதே அளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோதான், ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். ஆனால் பூஜ்ஜியம் டிகிரி செல்சியசுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. பனியில் முகாமிடுகிறவர்கள் பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து கேம்பருக்குள் கொண்டுவந்துவிட்டதற்கு இதுதான் காரணம்.

பழைய விளக்குகளை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஒரு குண்டு பல்பு 18 வாட் குடிக்கும், எல்.ஈ.டி. அதே வெளிச்சத்துக்கு இரண்டு மூன்று வாட்.

அடுப்புக்கு கேஸ் இன்னும் வேண்டும் என்கிறவர்கள்தான் அதிகம். அந்த கேஸ் புரோபேன், காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அதனால் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவியை முழங்காலுக்குக் கீழே பொருத்துகிறார்கள். செப்புக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதே இன்றும் முதல் சோதனை. பழைய கேம்பரோடு வரும் பழைய சிலிண்டரில் வட்டக் கைப்பிடி இருந்தால் பெரும்பாலும் நிரப்பிக் கொடுக்க மாட்டார்கள். 2002 முதல் அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு கட்டாயம். முக்கோணக் கைப்பிடி அதன் அடையாளம்.

குளிருக்கு அடுப்பையே எரியவிட்டுத் தூங்கலாமே என்ற எண்ணம் உயிருக்கு ஆபத்து. மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அது தவிர, ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. கூரை வழியாக வந்த தண்ணீரை அத்தனை பாடுபட்டு நிறுத்திய பிறகு, உள்ளேயே மழையை உண்டாக்குகிற வேலை இது. நாலு பேர் மூச்சும் சோற்றுப் பானையின் ஆவியும் சேர்ந்தால் காலையில் சன்னலில் தண்ணீர் வடியும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். அதனால் புகையை வெளியே தள்ளும் தனி ஹீட்டரும், கூரையில் 14 அங்குலச் சதுரத்தில் ஒரு காற்றாடியும், மெத்தைக்கு அடியில் காற்றோடும் பலகை வரிசையும் வைக்கிறார்கள்.

கடைசியில் பெயின்ட்

இவ்வளவுக்கும் பிறகுதான் பெயின்ட் டப்பா திறக்கிறது. இங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு எல்லாம் வெள்ளை. சின்ன இடம் பெரிதாகத் தெரியும், கசிவின் கறை பட்டால் உடனே கண்ணில் படும் என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சி 1970-களின் அவகாடோ பச்சை அடுப்பையும் கடுகு மஞ்சள் பெட்டியையும் அந்தக் கால அலமாரிக் கைப்பிடிகளையும் துடைத்துப் பளபளப்பாக்கி அப்படியே வைத்துக்கொள்கிறது. அச்சடித்த மரக்கோட்டுப் பலகையில் பெயின்ட் நேராகப் பிடிக்காது. உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் நிற்கும். சாப்பாட்டு மேசையைக் கீழிறக்கினால் கட்டிலாகும் பழைய அமைப்பை மட்டும் இரண்டு கட்சியும் மாற்றுவதில்லை. அந்த அளவு இடத்துக்கு அதைவிட நல்ல யோசனை கிடைக்கவில்லை.

மெத்தைக்கு உறை தைத்து, திரை மாட்டி, சாமான்களை அடுக்கி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கேஸ் சிலிண்டரையும் வைத்த பிறகு முதல் பயணம் பெரும்பாலும் பக்கத்து லாரி நிறுத்தத்தில் உள்ள எடை மேடைக்குத்தான். சரக்கு லாரிகளுக்காக அமெரிக்கா முழுவதும் உள்ள கேட் ஸ்கேல் மேடைகளில் சிறு கட்டணம் கட்டினால் முன் அச்சு, பின் அச்சு இரண்டின் எடையும் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். அந்தச் சீட்டைக் கதவுச் சீட்டோடு வைத்துப் பார்ப்பார்கள், அச்சு எடையை டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் தாங்கு எடையோடும் ஒப்பிடுவார்கள். கூடிப்போயிருந்தால் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் பாதித் தண்ணீர். அடுத்து இரும்பு தோசைக்கல் போன்ற கனத்த வாணலிகள், இரண்டாவது சிலிண்டர், சேர்த்துவைத்த கருவிப்பெட்டி. அப்படியும் குறையாவிட்டால், போன மாதம்தான் ஆசையாகப் பொருத்திய கனத்த மர மேடையைக் கழற்ற மறுபடி ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள்.